பிக்கப் கோளாறா, உப்புக் காற்றா? கடற்கரை ஊரில் எலெக்ட்ரிக் கிதாருக்குப் பிழை நீக்கும் வழி

மண்டபத்திலிருந்து ராமேஸ்வரம் வரை, கோயில் பாடகர் குழுவிலும் திருவிழாக் கச்சேரியிலும் எலெக்ட்ரிக் கிதார் வாசிக்கிற பிள்ளைகள் என்னிடம் வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி. "அண்ணே, எந்த பிக்கப் வாங்கிப் போடலாம்?" நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான். "கிதாருக்கு என்ன செய்யுது தம்பி, அதை முதல்ல சொல்லு." இரைச்சலா, கரகரப்பா, மழுங்கலா? சுவிட்ச் எந்த நிலையில் இருக்கும்போது? வீட்டிலா, மேடையிலா? இப்படிப் பேசி முடிப்பதற்குள், பிக்கப் மேல் குற்றமே இல்லை என்பது பல சமயம் தெரிந்துவிடும். மதுரைக்கோ சென்னைக்கோ பணத்தை அனுப்பிப் புதியது வாங்கும் முன் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளும்தான். இரும்பாலான கிதார் கம்பி காந்தத்துக்கு மேலே அதிரும்போது சுருளில் சிறிய மின்னழுத்தம் பிறக்கிறது. பெரும்பாலான சுருள்களுக்கு 42 கேஜ் கம்பி. பருமன் சுமார் 0.063 மில்லிமீட்டர், தலைமுடி அளவு. ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) வகை பிக்கப்பில் அப்படிப்பட்ட கம்பி ஏழாயிரத்துக்கு மேற்பட்ட சுற்று ஓடும். வடகடலுக்கும் தென்கடலுக்கும் நடுவே இருக்கிற ஊர் நம்முடையது. கச்சான் அடிக்கிற ஆனி, ஆடியில் ஜன்னல் கம்பியைத் தொட்டாலே கையில் உப்பு பிசுபிசுக்கும். 2025இல் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் போட வேண்டியிருந்தது. முடி அளவு செம்புக்கு இந்தக் காற்று என்ன செய்யும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் ஒரு அளவு எடுத்துவிடுங்கள்

எந்த அறிகுறியாக இருந்தாலும், கிதாரைத் திறக்காமலே பாதி விஷயத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கேபிளின் ஒரு முனையைக் கிதாரில் செருகுங்கள். மறுமுனையை ஆம்பில் (ஆம்ப்ளிஃபையரில்) செருகாமல், அதன் நுனியில் மல்டிமீட்டரின் ஒரு முள்ளையும் உடல் பகுதியில் இன்னொரு முள்ளையும் வையுங்கள். மீட்டர் 20 கிலோஓம் நிலையில் இருக்கட்டும். கிதாரில் வால்யூமும் டோனும் முழுசாகத் திறந்திருக்க வேண்டும். இப்போது பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்சை ஒவ்வொரு நிலையாக மாற்றி, வருகிற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரே சுருள் உள்ள சாதாரண சிங்கிள் காயில் 5இலிருந்து 7 கிலோஓம் காட்டும். இரண்டு சுருள் உள்ள ஹம்பக்கர், பழைய பாணி என்றால், 7இலிருந்து 9. சத்தம் அதிகம் தரும் ஹம்பக்கர் 13, 16 என்று போகும். இரண்டு சிங்கிள் காயில் சேர்ந்து பேசும் நிலையில் எண் பாதியாகக் குறையும், அது சரிதான். வெயில் நேரத்தில் அளந்தால் எண் கொஞ்சம் கூடும். செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறுவதால், 20 டிகிரியில் 8 கிலோஓம் காட்டுவது நம் ஊர் 35 டிகிரியில் கிட்டத்தட்ட 8.5 காட்டும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

கிதார் ஆக்டிவ் பிக்கப் (பேட்டரியில் ஓடுவது) வைத்ததாக இருந்தால் இந்த அளவு எதுவும் சொல்லாது. அதற்கு முதல் மருந்து புது 9 வோல்ட் பேட்டரி. கேபிளை ஜாக்கிலேயே விட்டுவிட்டுத் தூங்கினால் பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும். சத்தம் உடைந்து, குறுகி வந்தால் பேட்டரிதான்.

கம்பியைத் தொட்டால் விறுவிறுவென்று இழுக்கிறது, மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிக்கிறது

மற்ற எல்லாம் சத்தம் சம்பந்தப்பட்டவை, இது உயிர் சம்பந்தப்பட்டது. அதனால் முன்னால் வைக்கிறேன். கிதார் கம்பிகள் பிரிட்ஜ் (கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் உலோகப் பகுதி) வழியாக, கேபிளின் உறை வழியாக, ஆம்பின் உடலோடு இணைந்திருக்கின்றன. ஆம்புக்கு எர்த் இல்லாமல் போனாலோ, ஆம்ப் ஒரு லைனிலும் மிக்ஸர் இன்னொரு லைனிலும் இருந்தாலோ, அந்த மின்னழுத்த வித்தியாசத்தால் மின்சாரம் உங்கள் கை வழியாகவும் உதடு வழியாகவும் ஓடும். பிக்கப்பை மாற்றினால் இது போகாது.

உடனே வாசிப்பதை நிறுத்துங்கள். மெயினை அணைக்கச் சொல்லுங்கள். பிறகு பார்க்க வேண்டியவை: மூன்று முள் பிளக்கில் எர்த் முள் இருக்கிறதா, யாராவது இரண்டு முள் கன்வெர்ட்டர் போட்டிருக்கிறார்களா, ஜெனரேட்டருக்கு எர்த் ராடு அடித்திருக்கிறார்களா. கடற்கரை மேடையில் மேல் மணலில் ஒரு கம்பியைச் செருகிவிட்டு எர்த் என்பார்கள். உலர்ந்த மணல் மின்சாரத்தைக் கடத்தாது. ராடு ஈரம் இருக்கும் ஆழம் வரை இறங்க வேண்டும். ஒலிக் கருவிகள் எல்லாம் ஒரே போர்டிலிருந்து எடுக்கப்பட வேண்டும், அந்த லைனில் 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்க வேண்டும். இதை எலெக்ட்ரீஷியன் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை கிதாரைத் தொடாதீர்கள். ஒரு திருவிழாவில் என் இடது கை கிதார் கம்பியிலும் வலது கை மைக் ஸ்டாண்டிலும் இருந்தபோது வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது. "அடுத்த பாட்டு முடிஞ்சதும் பாத்துக்கலாம்" என்று மேடைக்காரர் சொன்னார். முடியாது என்று இறங்கிவிட்டேன். நீங்களும் இறங்கிவிடுங்கள்.

இரைச்சல்: 'உம்ம்' என்றா, 'ர்ர்ர்' என்றா?

காதுக்கு இரண்டும் இரைச்சல்தான். ஆனால் காரணம் வேறு, மருந்தும் வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் பணத்தைச் செலவழித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

'உம்ம்' என்று கனமாக, அடியிலிருந்து வருவது மின்மாற்றியின் காந்தப்புலம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்தச் சத்தமும் 50, 100 ஹெர்ட்ஸில் இருக்கும். சோதனை எளிது. கிதாரை மாட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஒரு திசையில் இரைச்சல் ஏறி, இன்னொரு திசையில் கிட்டத்தட்ட அடங்கினால் காந்தப்புலம்தான் காரணம். ஆம்பையும் ஸ்டெபிலைசரையும் விட்டு இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்றாலே நிறையக் குறையும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஹம்பக்கர் வேண்டும். கிப்சன் நிறுவனத்தில் வேலை பார்த்த செத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த யோசனை அது. இரண்டு சுருள்கள், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இணைத்து, காந்த முனைகளையும் மாற்றி வைப்பது. வெளியிலிருந்து வரும் 'உம்ம்' இரண்டு சுருளிலும் எதிரெதிராக விழுந்து கழிந்துபோகும். கம்பியின் ஒலி மட்டும் சேர்ந்து வரும்.

'ர்ர்ர்' என்று மெல்லியதாக, தேனீ மாதிரி வருவது மின்புலம். சீரியல் செட், டிம்மர் விளக்கு, மலிவான எல்இடி டிரைவர், செல்போன் சார்ஜர் இவையெல்லாம் அதைக் கிளப்பும். கிதாரைத் திருப்பினால் பெரிதாக மாறாது. கம்பியைத் தொட்டால் குறையும். தொட்டால் குறைவது கோளாறு இல்லை: உங்கள் உடம்பு வாங்கும் இரைச்சலை, கம்பியைத் தொட்டதும் எர்த் இழுத்துக்கொள்கிறது. இதற்கு ஹம்பக்கர் முழு மருந்து ஆகாது. கிதாரின் குழிக்குள் செம்புத் தகடு டேப் ஒட்டி, அதை எர்த்தில் சேர்ப்பதுதான் மருந்து. பசையும் மின்சாரத்தைக் கடத்துகிற வகையாகப் பார்த்து வாங்குங்கள். அப்படியிருந்தும், தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடங்களில் ஒரு பொட்டு ஈயம் வைத்துவிடுங்கள். இந்தக் காற்றில் பசை மட்டும் நம்பி ஒட்டிய இணைப்பு இரண்டு மழைக்காலம் தாங்குவதில்லை. சமையலறை அலுமினியத் தாளில் ஈயம் ஒட்டாது, அதை விட்டுவிடுங்கள்.

கம்பியைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் ஒரே இரைச்சல் என்றால், பிரிட்ஜுக்குப் போகும் எர்த் வயர் அறுந்திருக்கிறது அல்லது துருவில் மாட்டியிருக்கிறது. மல்டிமீட்டரின் ஒரு முள்ளைப் பிரிட்ஜிலும் இன்னொன்றைக் கேபிள் பிளக்கின் உடலிலும் வைத்துப் பாருங்கள். ஓரிரு ஓம் காட்டவேண்டும். நூற்றுக்கணக்கில் காட்டினால், வயர் தொடும் இடத்தை உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து மறுபடி இணையுங்கள். ட்ரெமோலோ (சுரத்தை ஆட்டும் கைப்பிடி) உள்ள கிதாரில் பின்பக்க ஸ்பிரிங் மாட்டும் இரும்புத் தகட்டில்தான் அந்த வயர் இருக்கும். நம் பக்கத்தில் முதலில் துருப்பிடிப்பதும் அந்தத் தகடுதான்.

தொட்டால் இரைச்சல் கூடுகிறது என்றால் யாரோ ஜாக்கில் இரண்டு வயரை மாற்றிச் சால்டர் செய்திருக்கிறார்கள். மாற்றி வையுங்கள், முடிந்தது.

சத்தம் மழுங்கிப் போச்சு, உயிரே இல்லை

புது பிக்கப் கேட்டு வருகிறவர்களில் அதிகம் பேர் சொல்வது இதுதான். இதை அவசரப்படாமல் படியாகப் பாருங்கள்.

முதலில் கம்பி. கடற்கரையில் சாதாரண நிக்கல் கம்பி இரண்டு மூன்று வாரத்தில் மங்கிவிடும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைக்காவிட்டால் அதற்கு முன்பே. புதுக் கம்பி மாட்டிப் பார்க்காமல் ஒலியைப் பற்றி எந்த முடிவும் எடுக்காதீர்கள். இன்னொன்றும் கவனியுங்கள். தடித்த நான்கு கம்பிகள் அமுங்கியும் மெல்லிய கம்பிகள் மட்டும் கத்தியும் வந்தால், அவசரத்துக்கு அகூஸ்டிக் கிதாரின் வெண்கலக் கம்பி மாட்டியிருக்கிறீர்கள். வெண்கலம் காந்தத்துக்குக் கட்டுப்படாது. உள்ளே இருக்கும் எஃகு மட்டும்தான் பிக்கப்புக்குத் தெரியும். கம்பி உறையில் நிக்கல் என்று இருக்கிறதா பாருங்கள்.

அடுத்தது, எதில் செருகுகிறீர்கள் என்பது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கோயிலிலும் திருமண மண்டபத்திலும் ஆம்ப் இல்லாமல் கிதாரை நேராக மிக்ஸரின் லைன் துளையில் செருகிவிடுகிறார்கள். ஆம்பின் உள்ளீட்டுத் தடை சுமார் 1 மெகாஓம். மிக்ஸர் லைனுக்கு 10, 20 கிலோஓம்தான் இருக்கும். 8 கிலோஓம் சுருள் வைத்த பிக்கப் அந்தப் பாரத்தை இழுக்க முடியாமல் படுத்துவிடும். மேல் சுருதிகளின் மினுமினுப்பு முழுக்கப் போய்விடும். உலகத்தின் சிறந்த பிக்கப்பைப் போட்டாலும் அங்கே அப்படித்தான் கேட்கும். நடுவில் ஒரு ஆக்டிவ் டிஐ பாக்ஸ் வையுங்கள், கிதாரை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி அது. இல்லையென்றால் பஃபர் (பிக்கப் மேல் பாரம் ஏறாமல் தாங்கும் சுற்று) உள்ள ஏதாவது பெடலை இடையில் போடுங்கள். சில மிக்ஸர்களில் கிதாருக்கென்றே ஹை-இசட் (அதிக உள்ளீட்டுத் தடை) பொத்தான் இருக்கும், அதை அழுத்துங்கள். தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி, பிக்கப் மாற்றியும் சரியாகவில்லை என்று கிதாரோடு வந்தான். என் வீட்டு ஆம்பில் செருகியதும் கிதார் மணி மாதிரிப் பேசியது. அவன் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. இதை எழுத உட்கார்ந்ததற்கு அந்தத் தம்பியும் ஒரு காரணம்.

மூன்றாவது கேபிள். மீட்டருக்குச் சுமார் 100 பைக்கோஃபாரட் கொள்ளளவு ஏறும். 4.5 ஹென்றி மின்தூண்டல் உள்ள ஹம்பக்கரோடு 6 மீட்டர் கேபிள் சேர்ந்தால், ஒலி உச்சம் எடுக்கும் இடம் சுமார் 2800 ஹெர்ட்ஸ். அதையே 3 மீட்டராக்கினால் 3700 பக்கம் ஏறும். காதுக்கு நன்றாகவே தெரிகிற வித்தியாசம் இது. மேடைக்கு நீளக் கேபிள் வேண்டும் என்றால், கிதாருக்குப் பக்கத்தில் பஃபர் பெடல் வைத்து, அதற்கு அப்புறம் நீளத்தை விடுங்கள்.

கடைசியாகத்தான் உள்ளே திறக்க வேண்டும். வால்யூம் கன்ட்ரோலின் முதுகில் எண் பொறித்திருக்கும். சிங்கிள் காயிலுக்கு 250 கிலோஓம், ஹம்பக்கருக்கு 500 என்பது வழக்கம். ஹம்பக்கரோடு 250 இருந்தால் ஒலி போர்வை போர்த்தின மாதிரி இருக்கும். சிங்கிள் காயிலோடு 500 இருந்தால் காதைக் குத்தும். ஒரு வால்யூம் கன்ட்ரோலின் விலை ஒரு பிக்கப்பின் விலையில் சின்னப் பங்குதான், அதை முதலில் மாற்றிப் பாருங்கள். டோன் கப்பாசிட்டர் 22 அல்லது 47 நானோஃபாரட் இருந்தால் போதும். டோன் முழுசாகத் திறந்திருக்கும்போது அதனால் பெரிய வித்தியாசம் வராது.

கரகரக்கிறது, அசைத்தால் விட்டு விட்டு வருகிறது

உப்பும் ஈரமும் சேர்ந்தால் செம்பிலும் பித்தளையிலும் பச்சைக் களிம்பு ஏறும். செம்பும் களிம்பும் சேர்ந்தே பிறந்தவை என்று சைவ சித்தாந்தத்தில் உவமை சொல்வார்கள். கீழக்கரையிலோ தேவிபட்டினத்திலோ ஒரு கிதாரைத் திறந்தால் அந்த உவமை கண்ணுக்கு நேராகத் தெரியும்.

குமிழைத் திருகும்போது கரகரத்தால் வால்யூம் கன்ட்ரோல். கேபிளை ஆட்டும்போது என்றால் ஜாக். சுவிட்சைத் தட்டும்போது என்றால் சுவிட்ச். கன்ட்ரோலின் சிறு திறப்பு வழியாகக் காண்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு அடித்து, முப்பது தடவை முழுசாகத் திருகுங்கள். எலெக்ட்ரானிக்ஸுக்கு என்று எழுதிய கிளீனராக இருக்கட்டும். பொதுவான துரு எடுக்கும் எண்ணெய் பிசுக்கை விட்டுப் போகும், அதில் தூசி ஒட்டும். ஜாக்கின் நாக்கு தளர்ந்திருந்தால் விரலால் மெதுவாக உள்பக்கம் வளைத்து, தொடும் இடத்தை அழிப்பானால் தேய்த்துவிடுங்கள். இதற்கு மேலும் கரகரத்தால் ஜாக்கையே மாற்றிவிடுங்கள்.

ஒரு பிக்கப் மட்டும் செத்துப் போச்சு, அல்லது ஊசி மாதிரி மெலிந்து வருகிறது

இங்கேதான் நம் கடற்கரையின் உண்மையான பிக்கப் சாவு நடக்கிறது. முதலில் எடுத்த அளவைப் பாருங்கள். அந்த நிலையில் 20 கிலோஓம் அளவு தாண்டி மீட்டர் '1' அல்லது 'ஓஎல்' காட்டுகிறதா? மீட்டரை 2 மெகாஓமுக்கு மாற்றுங்கள். 250 அல்லது 500 கிலோஓம் பக்கம் ஒரு எண் வந்தால், நீங்கள் அளப்பது வால்யூம் கன்ட்ரோலை மட்டும்தான். பிக்கப் சுருள் எங்கோ அறுந்திருக்கிறது. அறுந்த சுருளிலும் கொஞ்சம் சத்தம் கசியும், அடி இல்லாமல், ஊசி மாதிரி. அதனால் "சத்தம் வருதே" என்று ஏமாறக் கூடாது.

அறுந்தது சுருளுக்கு உள்ளேயா வெளியேயா என்று பாருங்கள். பிக்கப்பின் அடியில், முடி அளவுக் கம்பி தடித்த வயரோடு சேரும் கண்ணி இருக்கும். அங்கேதான் பச்சை பிடித்து அறுவது அதிகம். பூதக் கண்ணாடி வைத்துப் பார்த்து, முனை கிடைத்தால், அரக்குப் பூச்சை நீக்கி ஒரு நொடியில் ஒட்டிவிடலாம். பொறுமையும் நடுங்காத கையும் வேண்டும். இப்படிச் சில பிக்கப்புகளை நான் மீட்டிருக்கிறேன்.

உள்ளே போயிருந்தால் காரணம் பெரும்பாலும் துரு. பழைய பாணி ஸ்ட்ராட் பிக்கப்பில் ஆறு அல்நிகோ காந்தத் தூண்களின் மேலேயே நேராகக் கம்பியைச் சுற்றியிருப்பார்கள். அல்நிகோ என்பது அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த இரும்பு. அது துருப்பிடித்து உப்பும்போது ஒட்டியிருக்கும் முதல் சுற்றின் அரக்கு உரிந்து, கம்பி தின்னப்படும். தூண் தலையில் செம்பழுப்புத் துரு தெரிந்தால் அடியிலும் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த இடத்தில் புது பிக்கப் வாங்குவது நியாயமான செலவு.

ஹம்பக்கர் வழக்கத்தில் பாதி எண்ணைக் காட்டினால் ஒரு சுருள் ஷார்ட் ஆகியிருக்கலாம். ஆனால் அதற்கு முன் புஷ்-புல் குமிழ் இழுத்த நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள், அது ஒரு சுருளை அணைக்கத்தான் இருக்கிறது. ஆம்பை மெதுவாக வைத்து, ஸ்குரூ டிரைவர் நுனியால் இரண்டு வரிசைத் தலைகளையும் தட்டுங்கள். இரண்டும் ஒரே அளவு 'டொக்' என்று கேட்க வேண்டும்.

சத்தம் ஏற்றினால் கீச்சென்று கத்துகிறது

கம்பிகளை உள்ளங்கையால் முழுசாக அமுக்கிய பிறகும் கீச்சு தொடர்ந்தால், சுருளின் சுற்றுகளே அதிர்கின்றன. நகத்தால் பிக்கப்பின் மேல் தட்டினால் மைக்கில் தட்டின மாதிரி கேட்கும். மெழுகில் ஊறவைத்தால் போகும். பாரஃபின் நான்கு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து 65 டிகிரியில் உருக்கி, காற்றுக் குமிழி நிற்கும்வரை பிக்கப்பை மூழ்கவிட்டு எடுங்கள். 70ஐத் தாண்டினால் பிளாஸ்டிக் பாபின் (சுருளைத் தாங்கும் சட்டம்) வளைந்துவிடும், அதனால் தெர்மாமீட்டர் கட்டாயம். மெழுகை நேராக அடுப்பில் வைக்கவே வைக்காதீர்கள், தீப்பிடிக்கும். மெழுகு ஏறிய சுருளுக்குள் உப்பு ஈரம் நுழைவதும் குறையும். நம் ஊருக்கு அது கூடுதல் பலன்.

சில சுரங்கள் தள்ளாடுகின்றன, சில கம்பி மட்டும் கத்துகிறது

பிக்கப்பின் உயரம். தடித்த கம்பியின் மேல் பகுதியில், பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேலே, ஒரே நேரத்தில் இரண்டு சுருதி மோதுவது போல் கேட்டால், காந்தம் கம்பியை இழுக்கிறது. கடைசி ஃப்ரெட்டை அமுக்கிப் பிடித்து, கம்பியின் அடிக்கும் தூண் தலைக்கும் இடையே அளந்து பாருங்கள். ஸ்ட்ராட் வகைக்குத் தடித்த பக்கம் 2.4, மெல்லிய பக்கம் 2 மில்லிமீட்டர். ஹம்பக்கருக்கு பிரிட்ஜ் பக்கம் 1.6, கழுத்துப் பக்கம் 2.4 என்று தொடங்கி, காதால் முடியுங்கள். காசில்லாத வேலை. புது பிக்கப் வேண்டும் என்று வந்த சிலர் இதோடு திரும்பிப் போயிருக்கிறார்கள்.

ஸ்குரூ அசையவில்லை என்றால் துரு. பிக்கப்பைத் தாங்கும் ஸ்பிரிங்குகளுக்குப் பதில் மீன்தொட்டிக்கு விற்கும் சிலிகான் குழாயை வெட்டிப் போட்டுவிடுங்கள், துருப் பிரச்சினையே இல்லை. தாங்கும் ஸ்குரூவை எஸ்எஸ்ஸில் (துருப்பிடிக்காத எஃகில்) மாற்றலாம். ஆனால் ஹம்பக்கரின் தூண் ஸ்குரூக்களை எஸ்எஸ் 304இல் மாற்றாதீர்கள்: அது காந்தத்தில் ஒட்டாது, ஒலி படுத்துவிடும்.

எல்லாம் சரி, வேறு ஒலி வேண்டும்

இப்போது பிக்கப் பேசலாம். கிலோஓம் எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். மெல்லிய 43 கேஜ் கம்பி சுற்றினால் எண் தானாகவே ஏறும். காந்தம், சுற்று, கம்பி மூன்றும் சேர்ந்துதான் ஒலி. அல்நிகோ 2 மென்மை. அல்நிகோ 5 தெளிவும் வேகமும். செராமிக் இறுக்கம், தாக்கம். செராமிக் காந்தம் அடிப்படையில் இரும்பு ஆக்சைடு என்பதால் துருப்பிடிக்காது. இங்கே இருக்கிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கோயில் பாட்டும் கச்சேரியும் வாசிக்கிறவருக்கு என் பரிந்துரை, பிரிட்ஜில் 8, 9 கிலோஓம் அளவு அல்நிகோ 5 ஹம்பக்கர், நிக்கல் சில்வர் மூடி போட்டது, மெழுகேற்றியது. பித்தளை மூடி மலிவு, ஆனால் மேல் சுருதியை மழுக்கும். 16 கிலோஓம் பிக்கப் மெட்டல் வாசிப்பவருக்கு நல்ல கருவி. சுத்தமான ஒலியில் கார்டு பிடிக்கும் இடத்தில் அது எல்லாவற்றையும் ஒரே களியாக்கிவிடும். சிங்கிள் காயிலின் ஒலி பிடிக்கும், ஆனால் சீரியல் செட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே வாசிக்க வேண்டும் என்றால், அதே அளவு மூடிக்குள் இரண்டு சுருளை அடுக்கிய இரைச்சல் நீக்கும் வகை கிடைக்கிறது. அசல் மணியோசையில் கொஞ்சம் குறையும், ஆனால் மேடையில் அந்தக் குறை தெரியாது, இரைச்சல் இல்லாதது தெரியும். சிங்கிள் காயிலே வேண்டும் என்றால் காந்தத்தின் மேல் நேராகச் சுற்றாமல், பிளாஸ்டிக் பாபின் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

வாங்கும் முன் கம்பி இடைவெளியை அளந்துவிடுங்கள். முதல் தூணிலிருந்து ஆறாவது தூண் மையம் வரை கிப்சன் வகைக்கு 49, 50 மில்லிமீட்டர். ஃபெண்டர் வகைப் பிரிட்ஜுக்கு 52, 53.

மாற்றிய பிறகு வரும் அறிகுறிகள்

கழற்றுவதற்கு முன் செல்போனில் நாலு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாலு வயர் ஹம்பக்கரில் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சீமர் டங்கனில் கறுப்பு முதன்மை வயர், வெள்ளையும் சிவப்பும் தங்களுக்குள் சேரும், பச்சையும் உறையற்ற வயரும் எர்த்துக்கு. டிமார்சியோவில் சிவப்பு முதன்மை, கறுப்பும் வெள்ளையும் தங்களுக்குள் சேரும், பச்சை எர்த்துக்கு. ஒன்றின் படத்தைப் பார்த்து இன்னொன்றை இணைத்தால் சத்தம் வராது, அல்லது மெலிந்து வரும்.

இரண்டு பிக்கப் சேரும் நிலையில் மட்டும் மூக்கால் பேசுவது போல வந்தால், இரண்டும் எதிர்த்திசையில் தள்ளுகின்றன. சோதித்துப் பாருங்கள்: பிக்கப்பை மீட்டரில் 20 கிலோஓம் நிலையில் இணைத்து, இரும்பு ஸ்குரூ டிரைவரைத் தூண்கள் மேல் படுக்கவைத்து, வெடுக்கென்று தூக்குங்கள். எண் ஒரு கணம் ஏறும் அல்லது இறங்கும். இரண்டு பிக்கப்பிலும் ஒரே திசையில் போகவேண்டும். மாறிப் போனால் புதியதன் இரண்டு வயர்களை மாற்றி வையுங்கள். உலோக மூடி எர்த் வயரோடு சேர்ந்திருந்தால் முதலில் அதைப் பிரித்து மூடிக்குத் தனி எர்த் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் மூடியே இரைச்சல் வாங்கும்.

ஸ்ட்ராட்டில் நடு பிக்கப்பை மட்டும் மாற்றிய பிறகு சுவிட்சின் இரண்டாம், நான்காம் நிலையில் முன்பு இல்லாத 'உம்ம்' வந்தால், பழைய நடு பிக்கப் தலைகீழ்க் காந்தமும் தலைகீழ்ச் சுற்றும் உள்ளதாக இருந்திருக்கிறது. பழையதையும் புதியதையும் முகத்துக்கு முகம் அருகில் கொண்டுவாருங்கள். தள்ளினால் முனைகள் ஒன்று, ஈர்த்தால் வேறு. வாங்கும்போதே இந்த வகை என்று சொல்லி வாங்கினால் இந்த அலைச்சல் இருக்காது.

கன்ட்ரோலின் முதுகில் ஈயம் உருண்டையாக நின்று விழுந்தால் சூடு போதவில்லை. 40 வாட், அகல நுனி, முதுகை உப்புத்தாளால் உரசிவிட்டு ரோசின் வைத்து ஒட்டுங்கள். குழாய் வேலைக்கு விற்கும் ஆசிட் பசை வேண்டாம், அது மிச்சமிருந்து உப்பைவிட வேகமாகத் தின்னும். ஒட்டிய இடங்கள் மேல் தெளிந்த நகப்பூச்சு ஒரு கோட்டு தடவிவிடுவேன். ஜாக், சுவிட்ச் தொடும் இடங்களில் மட்டும் படக் கூடாது.

கழற்றிய பழைய பிக்கப்பில் கிலோஓம் எண்ணையும் வயர் நிறத்தையும் ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டி, மூடி இறுகும் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு போட்டுவையுங்கள். அடுத்த தெருப் பிள்ளையின் கிதாரில் ஒன்று செத்துப் போகும்போது அது வேண்டியிருக்கும்.